சிவப்புத் துணி கட்டாத சாக்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழைய இரும்பு, பேப்பர் என்று கூவியவன். கூவிய வாயாலேயே ஒரு கடை, கடைக்குப் பின்னால் குடோன், இரண்டு லாரி, மாடி வைத்த வீடு எல்லாம் உண்டாக்கினேன். கைகொடுத்துத் தூக்கிவிட ஒருத்தரும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? கடையில் என் நாற்காலிக்கு மேலே ஆணியில் ஒரு முழச் சிவப்புத் துணி தொங்குகிறது. வருகிறவர்கள் வேண்டுதலா என்று கேட்பார்கள். தலையாட்டி வைப்பேன்.

அது அன்னவாசலம்மா கிழித்த துணி. குடோனில் தரம் பிரிக்க வந்தவர். ஊர் அன்னவாசல் என்பதால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். பிளாஸ்டிக் எதையாவது எடுத்து வலது கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று அந்த விரலே சொல்லிவிடும். கையுறை மாட்டினால் விரலுக்குக் காது அடைத்துப்போகிறது என்று கழற்றி வைத்துவிடுவார்.

அந்தக் காலத்தில் ஓட்டல், டீக்கடை, வீடு என்று எல்லா இடத்துக் குப்பையும் சாம்பாரில் ஊறித்தான் வரும். பேப்பர் பாழ், அட்டை பாழ். ஒருநாள் அவர் சொன்னார்: “கலந்தப்புறம் பிரிக்கிறது வேலை இல்ல மொதலாளி, தண்டனை. அவுக அடுப்படியிலயே ரெண்டு சாக்கு வைக்கச் சொல்லுங்க.” உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் பொதிந்து, தனிச் சாக்கில் போட்டு, வாயில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். வாசல் வாசலாக ஏறி இறங்கியது நான். “வந்துட்டாருய்யா குப்பை வாத்தியாரு” என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் சிரிப்பார். நான் விடவில்லை. நாலு தெரு எங்கள் வழிக்கு வந்தது. சிவப்புத் துணி இல்லாத சாக்கில் கண்ணாடி இருக்காது என்று நம்பி, அன்னவாசலம்மா பார்க்காமலே உள்ளே கையை விடுவார்.

பிறகு என் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தி முடிந்ததும் சமையல்காரர் இரண்டு சாக்கோடு வந்து, எதில் இலை, எதில் பாட்டில் என்று கேட்டார். வாசலில் சம்பந்தி வீட்டார், காரில் வந்த பெரிய மனிதர்கள். இன்று ஒரு நாளாவது என் வீடு குடோன் மாதிரித் தெரியக்கூடாது என்று நினைத்தேன். “எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிக் குடோனுக்குக் கொண்டு போங்க” என்றேன். சர்பத் கொடுத்த கண்ணாடி டம்ளர்கள் உடைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை குடோனில் சத்தம். இலைகளுக்குள் கையை விட்ட அன்னவாசலம்மா ரத்தம் வழியும் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தக் கல்யாண மண்டபத்துக்காரன் அனுப்பினானோ என்று எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினேன். அவர் அந்தச் சாக்கிலிருந்து ஒரு தாம்பூலப் பையை எடுத்தார். முந்தின நாள் விருந்துக்கு வந்த அவருக்கும் நான் கொடுத்த அதே மஞ்சள் பை, என் பெயரைப் பெரிதாக அச்சடித்தது. மற்றவர்கள் பார்க்காதபடி மடித்து என் கையில் வைத்தார். “ஊருக்கெல்லாம் துணி கட்டச் சொன்னீங்க. ஒங்க வீட்டுக் கண்ணாடி மட்டும் வெட்டாதுன்னு நெனச்சீங்களாக்கும்?” அவ்வளவுதான். மற்றவர்களிடம், தான்தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

தையல் போட்டார்கள். புண் ஆறியது, விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து ஒரு மூடியை அழுத்தினார், மறுபடி அழுத்தினார், தவறான குவியலில் போட்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். சும்மா உட்கார்ந்து மற்றவர்களை வேலை வாங்கினால் போதும் என்றேன். “வெரல் செத்தப்புறம் நான் காவலுக்கா? வாரேன் மொதலாளி” என்று போனவர் வரவில்லை. அன்னவாசலுக்கு இரண்டு தடவை போனேன். காபி கொடுத்தார். கூவிப் பழகிய வாய். மன்னிப்புக் கேட்க மட்டும் சத்தம் வரவில்லை.

இப்போது எங்கள் வார்டில் குப்பை பிரிக்கும் கொட்டகைக்குப் பலகை வைக்கிறார்கள். வீட்டிலேயே தரம் பிரிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் என்று என் பெயரை எழுதி, சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிவப்புத் துணிக்கு அடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்: யோசனை அன்னவாசலம்மாவுடையது; அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும். வாசல் வாசலாக ஏறி இறங்கியது நான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், எழுதுங்கள். துணி கட்டாத அந்தச் சாக்கை அனுப்பியவனும் நான்தான். அதையும் என் பெயருக்குக் கீழேயே எழுதுங்கள். இடம் போதாது என்று சொல்லாதீர்கள். பலகையைப் பெரிதாகச் செய்யுங்கள்.