விசில் டீச்சரின் நீல நோட்டு

சிரிப்பு வரும்போலத் தெரிந்தால் விசில் டீச்சர் முதலில் தலையணையைத் தேடுவார். சின்னச் சதுரத் தலையணை. அதை அடிவயிற்றில் அழுத்திக்கொண்ட பிறகுதான், சிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார். "தையல் பிரிஞ்சா உங்க ஜோக்கா வந்து தைக்கும்?" என்பார். ஆசிரியர் அறையில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. நான் கணக்கு டீச்சர். பெரிதாக ஜோக் ஒன்றும் சொல்வதில்லை.

அவர் உடற்பயிற்சி ஆசிரியை. வயிற்றில் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து இது ஆறாவது வாரம். ஊதினால் வயிறு இழுக்கிறது என்பதால் விசில் கழுத்தில் சும்மா தொங்குகிறது. கைதட்டித்தான் மாணவிகளை வரிசையில் நிறுத்துகிறார். தொப்புளில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று துளைகள். "இத்துனூண்டு ஓட்டைக்கா ஒரு மாசம் லீவு?" என்று தலைமையாசிரியை கேட்டார். கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு வெளியே வளர்ந்து, சினைப்பையைக் குடலோடு ஒட்டிவைத்திருந்ததாம். பிரித்தெடுக்க மூன்று மணி நேரம். எண்டோமெட்ரியோசிஸ் என்று அதற்குப் பெயர் தெரியப் பதினான்கு வருடம்.

அந்தப் பதினான்கு வருடமும் மாதவிடாய் வலிக்கு எல்லோரும் அவரிடம் ஒன்றையேதான் சொன்னோம்: பொம்பளைன்னா இருக்கத்தான் செய்யும். நான் கூடுதலாக, குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று இலவச ஆலோசனையும் வழங்கினேன். அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் மாணவிகளுக்கும் அதையே பாடமாக்கினார். வயிற்றுவலி என்று ஒதுங்கும் பெண்ணிடம், "எனக்கு இல்லாத வலியா? ரெண்டு ரவுண்டு ஓடு, பறந்துடும்" என்பார். ஓடாதவர்களுக்கென்றே ஒரு நீல நோட்டு. ஆளுக்கொரு பக்கம், தேதி, எதிரே 'நடிப்பு'.

ஆபரேஷனுக்கு மறுநாள் பார்க்கப் போனேன். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் ஏற்றிய வாயு தோள்பட்டையில் குத்திக்கொண்டிருந்தது. நர்சு வந்து, "எழுந்து நடங்கம்மா. வராண்டால ரெண்டு ரவுண்டு போனா சரியாயிடும்" என்றார். விசில் டீச்சர் என்னை ஒரு முறை முறைத்தார். நடந்தார். வலி குறைந்தும்விட்டது. அதுதான் அவருக்குப் பெரிய அவமானம்.

இப்போது தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை. அலாரம் அடித்தால் பேச்சைப் பாதியில் நிறுத்தி விழுங்குவார். நோய் மறுபடி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "வரட்டும். இந்தத் தடவை பேராவது தெரியும்" என்கிறார். எந்தெந்தத் தேதியில் வலித்தது, எழுதி வைத்திருக்கிறீர்களா என்று அதே டாக்டர் ஆரம்பத்தில் கேட்டபோது அவரிடம் ஒரு வரிகூட இல்லை. அடுத்தவர் வலிக்கு மட்டும்தான் நோட்டு போட்டிருந்தார்.

போன வாரம் அதைப் புரட்டினார். பத்தாம் வகுப்பில் உயரம் தாண்டுகிற பெண் ஒருத்தி. இரண்டு வருடமாக அவள் பக்கத்தில் மாதம் தவறாமல் 'நடிப்பு'.

"இதக் கொஞ்சம் கணக்குப் பாருங்க டீச்சர்."

பார்த்தேன். இருபத்தெட்டு நாள். இருபத்தேழு. மறுபடி இருபத்தெட்டு.

அந்தப் பெண்ணின் அம்மாவை வரவழைத்தார். வந்த அம்மா உட்காருவதற்கு முன்பே மன்னிப்பில் ஆரம்பித்தார். "இனிமே ஒழுங்கா ஓடுவா மிஸ். பொம்பளைன்னா இருக்கத்தான் செய்யும்னு நானும் திட்டிட்டேன்."

"ஓட வேண்டாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எப்பலேர்ந்து வலின்னு கேப்பாங்க. இதக் காட்டுங்க." அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தார்.

அந்த அம்மா மேலிருந்து கீழ்வரை படித்தார். "நடிப்புன்னு எழுதியிருக்கே. யாரு மிஸ் எழுதினது?"

விசில் டீச்சர் தாளைத் திரும்ப வாங்கிப் பேனாவைத் திறந்தார். அந்தச் சொல்லை அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எதையும் அடிக்கவில்லை. கடைசி வரிக்குக் கீழே தன் முழுப் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.