சபைக்குள் வந்த தாளம்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் தமிழ்ச் சபைக்கு டிரம்ஸ் வாசிப்பவன் நான். டிஸ்கோ என்ற சொல்லே எங்கள் போதகருக்கு ஆகாது. நானோ டிஸ்கோப் பைத்தியம்.

பழைய சாமான் சந்தையில் வாங்கிய, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ‘சோல்’ இசைத்தட்டுகளை ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டபோதுதான் டிஸ்கோ எங்கே பிறந்தது என்று பிடிபட்டது. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வாசித்தவர்கள், டிஸ்கோ என்று யாரும் பெயர் வைக்கும் முன்பே அந்தத் தாளத்தைப் போட்டிருக்கிறார்கள். பெரிய டிரம் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தவறாமல் விழும். இடையில் ஹைஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டு ‘ட்ஸ்’ என்று வாய் திறக்கும். இசைத்தட்டு உறையில் பாடகருக்குத் தலைமுடி அலங்கரித்தவரின் பெயர்கூட இருந்தது, வாசித்த இவர்களுடையதைக் காணவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு துதிப்பாட்டுக்கு அந்தத் தாளத்தையே வாசித்தேன். மூட்டுவலிக்கார அன்ரிமாரும் எழும்பிக் கைதட்டினார்கள். ஆராதனை முடிந்ததும் போதகர் நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, உது எங்கத்தைய தாளம்?”

“சேர்ச்சில வாசிச்சுப் பழகின ஆக்கள் கண்டுபிடிச்சது, பாஸ்டர்.”

பொய்யில்லை. அவர்களில் பலர் அப்படிப் பழகியவர்கள்தான். மிச்சக் கதையை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“அதுதானே பாத்தன்!” என்றார் போதகர். “உந்த டிஸ்கோக்காரருக்கு இப்பிடி அடிக்க வருமே?”