திருகாணி அக்காவும் நீலமூடித் தண்ணீரும்

காலி பாட்டிலை ஈரத்துணி பிழிவதுபோல அவள் முறுக்குகிற வேகத்தைப் பார்த்துத்தான், கோழி பொரிக்கிறவர் அவளுக்குத் திருகாணி என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. மேனேஜர்கூட அவசரத்தில், "திருகாணி அக்கா, மூணாவது டேபிள்!" என்றுதான் கத்துவார்.

தொலைதூரப் பேருந்துகள் நிற்கும் நிலையத்தின் மாடியில் இருந்தது அந்தக் கடை. உலகம் முழுக்க ஒரே சிவப்புப் பலகை, ஒரே உப்பு, ஒரே மொறுமொறுப்பு. பாஷை தெரியாத ஊரில் இறங்கி விழிபிதுங்கி நிற்கிறவர்கள் அந்தப் பலகையைக் கண்டதும் பிறந்த வீட்டு வாசலைக் கண்டதுபோல முகம் தெளிவார்கள். விலைப்பட்டியலைப் படிக்கவே மாட்டார்கள், படத்தில் விரலை வைப்பார்கள். தண்ணீருக்கும் அப்படித்தான். நீல மூடி போட்ட அந்த ஒரு பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள்.

"ஊர் ஊராப் போறாங்க, எந்த ஊர்த் தண்ணியும் குடிக்க மாட்டேங்கிறாங்க. அப்புறம் எதுக்குக்கா போறாங்க?" என்பார் பொரிக்கிறவர்.

"வயிறு கெட்டா உன் வீட்டுக்கா வருவாங்க? உயிர் பயம்டா," என்பாள் திருகாணி.

அவளும் அந்தக் கட்சிதான். மகளை அப்படித்தான் வளர்த்தாள். "எங்க போனாலும் நீலமூடி. மூடி கடக்குன்னு உடையணும். உடையலைன்னா தூக்கிப் போட்டுட்டு வா." மகள் பால் குடிக்கிற வயதிலேயே அவள் அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு இந்தப் பாடத்தைத்தான் அம்மா மூச்சுக்கு மூச்சு ஓதினாள். இப்போது மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பம்.

கடையில் இரண்டு விதிகள். ஒன்று, விற்கும் பாட்டிலின் அடியில் பில் போட்டவர் தன் அடையாளத்தைப் பச்சை மார்க்கரால் போடவேண்டும். வெளியிலிருந்து கொண்டுவருவதும் இங்கே வாங்கியதும் குழம்பக் கூடாது. சிலர் கோடு போடுவார்கள், சிலர் பெருக்கல் குறி. திருகாணியுடையது ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியும். கண் மாதிரி இருக்கும். இரண்டாவது விதி, காலி பாட்டிலை முறுக்காமல் குப்பையில் போடக் கூடாது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் கூடப்பிறந்த தம்பி வந்து நின்றது போன மழைக்காலத்தில். பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்கிறவன். அவள் புருஷன் போனபோது உறவெல்லாம் நைசாக நழுவ, தோள் கொடுத்தவன் இவன் ஒருவன்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்துக்கு அலைந்தவன்.

"அக்கா, பாட்டிலை முறுக்காமக் குடு. முறுக்கினதை நான் விக்கிற எடத்துல மிஷின்ல எடுக்க மாட்டேங்கிறான்."

"மேனேஜர் பார்த்தா தோலை உரிச்சுடுவார்டா."

"அவர் குப்பையை எண்ணிக்கிட்டா இருக்கார்?"

அவள் நம்பினாள். நம்பினாள் என்பதைவிட, நம்பாமலிருக்க மெனக்கெடவில்லை என்று சொல்லலாம். அன்றிலிருந்து காலி பாட்டில்கள் முழுசாக, மூடியோடு, பின்வாசல் வழியே கறுப்புப் பைகளில் இறங்கிப்போயின. "என்னக்கா, கை வலியா?" என்று பொரிக்கிறவர் கேட்டார். அவள் அடுத்த டேபிளைத் துடைக்கப் போனாள்.

கீழே மருந்துக்கடைக்காரர்தான் முதலில் சொன்னார், சிரித்துக்கொண்டே. "யோகம்தான் போ! பஸ்ஸை விட்டு இறங்குறவன் கழிவறைக்கு ஓடுறான், அங்கிருந்து நேரா என்கிட்ட ஓடி வர்றான். வயித்து மாத்திரை வர வர தீர்ந்துடுது." திருகாணியும் சிரித்தாள்.

ஒரு நாள் வேலை முடிந்து இறங்கும்போது நாக்கு வறண்டது. பேருந்து வாசலில் கூடையோடு நின்றவனிடம் நீலமூடி ஒன்று வாங்கினாள். கடக்கென்று உடைந்தது. பாதி குடித்தாள். பையில் வைக்குமுன் பாட்டிலின் ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். அடியில் பச்சையாக ஒரு வட்டம், நடுவே ஒரு புள்ளி.

அவள் கண்ணே அவளைப் பார்த்தது.

தம்பியின் கொட்டகை, பேருந்து கழுவுகிற இடத்துக்குப் பின்னால். அவள் போனபோது அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புதுசாக மின்னும் நீல மூடிகளைச் சாக்கிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தான். பேருந்துக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாயின் கிளை ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது.

"பாவி, என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"வா, உட்காருக்கா. தண்ணி குடிக்கிறியா?" என்றான், சிரிக்காமல்.

"என் கையெழுத்துடா இது! என் கையால விஷம் வெக்கிறியேடா!"

"விஷமா? துணி போட்டு வடிகட்டித்தான் ஊத்தறேன். இந்த ஊர்க்காரங்க யாரும் குடிக்க மாட்டாங்க, எல்லாம் தூர பஸ்ஸுக்குத்தான் போகுது. போற வர்ற ஜனம்க்கா. நாளைக்கு எங்க இருப்பானோ. அவனுக்கு வலிச்சா நமக்கா கேட்கும்?" பிறகு அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். "அட, ஆமா, உன் அடையாளம். நல்ல வேளை சொன்னே. பெயின்ட் தின்னர் தொட்டு ஒரு துடை துடைச்சா போச்சு."

திட்ட வந்தவள் அவனுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போகிறாள்.

மறுநாளிலிருந்து பழையபடி முறுக்கினாள், விரல் சிவக்கச் சிவக்க. அவனுக்குப் பாட்டில் தர வேறு கடைகள் இருந்தன. போலீசுக்குப் போகலாம் என்று நினைப்பாள். குழந்தையோடு மருந்துக்கு அலைந்த அந்த இடுப்பு நினைவுக்கு வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவாள்.

அந்த நாளைக்கு வருமுன் மகளின் போன் வந்தது. "அம்மா, உன்கிட்ட வந்து பத்து நாள் இருக்கணும்போல இருக்கு. பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் வந்துடுவேன்."

"சொல்லாம கொள்ளாம ஏறுவியாடி? மாசமா இருக்கிறவ... தண்ணி? வீட்டுலேர்ந்து எடுத்துக்கிட்டியா?"

"எதுக்கு மூட்டை? வழியில நீலமூடி வாங்கிக்கிறேன். நீ வளர்த்த பிள்ளைம்மா நான்."

"வேண்டாம்! அதைக் குடிக்காதே..."

"ஏன்? நீதானே..."

உன் மாமன், என்று தொடங்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு குரல், உலகம் முழுக்க ஒரே குரல்போல, நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

மாலையில் பேருந்து வந்தபோது அவள் வாசற்படியை மறித்து நின்றாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். கையில் பாட்டில். முக்கால்வாசி காலி.

திருகாணி அதைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். அடியில் ஒன்றுமில்லை. பச்சை இல்லை, வட்டம் இல்லை. அப்பாடா என்று பெருமூச்சு பாதி வந்து அங்கேயே நின்றது. அடிப்பக்கம் மட்டும் மங்கலாக இருந்தது. பேருந்தில் உருண்டு தேய்ந்ததா, துணி வைத்துத் தேய்த்ததா? முகர்ந்து பார்த்தாள். டீசல் புகையில் எதுவும் தெரியவில்லை. அடையாளம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அதையும் அவள் வாயாலேயே அழித்திருந்தாள்.

"என்னம்மா மோப்பம் பிடிக்கிறே? நீ வேண்டாம்னே, தாகம் தாங்கல. கடக்குன்னுதான் உடைஞ்சுது. நல்லாத்தான் இருந்துச்சு. என்னவோ கொஞ்ச நேரமா வயிறுதான் பிசையுது. பஸ் குலுக்கலா இருக்கும்."

அவள் பாட்டிலின் மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்தாள். முறுக்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அம்மா, வீடு இந்தப் பக்கம். எங்க இழுத்துக்கிட்டுப் போறே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஐயோ, மாமாவை வரச்சொல்லவா? துணைக்கு இருப்பார்."

"வேண்டாம்," என்றாள் திருகாணி. வாடகை வண்டிக்குக் கையைக் காட்டினாள். டாக்டர் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்வி, என்ன குடித்தாள் என்று. இந்த முறை நாக்கு ஒட்டக் கூடாது. வண்டி ஏறியதும் அவள் உதடுகள் அந்த வாக்கியத்தைச் சத்தமில்லாமல் சொல்லிப் பழகத் தொடங்கின. பக்கத்தில் மகள் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, மெதுவாகக் குனிந்துகொண்டிருந்தாள்.