கூரை இல்லாத பொலிஸ் கார்

பிரெஞ்சு கதைக்கிற இந்தக் குளிர் ஊரில் பழைய காருக்கும் கண்காட்சி வைக்கிறார்கள். கோடை ஞாயிறுகளில் கர்க்லாண்டில் ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாகக் கொண்டுவந்து விடுவார்கள். விற்பதற்கில்லை, ஏறிப் போவதற்குமில்லை. முன்மூடியைத் திறந்துவைத்து, பின்னால் மடக்குக் கதிரை போட்டு, பெண் பார்க்க ஆட்கள் வந்த வீட்டில் தகப்பன்மார் இருப்பதுபோல சொந்தக்காரர்கள் இருப்பார்கள். யாராவது நல்லதாக ஒரு சொல் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். எங்கள் ஊரிலும் பழைய கார்கள் இருந்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடின. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்றின, பிணமும் ஏற்றின. அவற்றுக்குப் பின்னால் யாரும் கதிரை போட்டு இருந்ததில்லை.

எனக்கு எழுத வராது. நான் சொல்ல, மருமகள் றீற்றா எழுதுகிறாள். "மாமி, சுத்திச் சுத்திக் கதைக்காமல் விஷயத்துக்கு வாங்கோ" என்று இடைக்கிடை பேனையை வைத்துவிடுகிறாள். சுற்றிக்கொண்டு வந்தால்தானே அது விஷயம்!

எனக்கு இரண்டு மகன்மார். மூத்தவன் அன்ரன், றீற்றாவின் புருஷன். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. அவர்களோடுதான் இருக்கிறேன். இளையவன் தாசன் இப்போது இல்லை. இரண்டு பேரும் எண்பதுகளில் ஒருவர்பின் ஒருவராக ஜெர்மனிக்குப் போனார்கள்; அன்ரன் பிறகுதான் அங்கிருந்து இந்த ஊருக்கு வந்தான். தாசன் போன மூன்றாம் மாதமே திரும்பி வந்தான். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போன பிள்ளை திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவன் வந்தான். படலையடியில் பையை வைத்துவிட்டு, "உங்களை விட்டுட்டு இருக்கேலாமல் வந்திட்டனம்மா" என்றான். அன்ரனும் அங்கிருந்து அதையே சொல்லி அனுப்பினான்.

அடுத்த மாரியில், சந்தைக்கு மீன் வாங்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து தாசன் செத்துப்போனான். "தாயைத் தேடி வந்து உயிரை விட்ட பிள்ளை" என்று செத்தவீட்டில் பெண்கள் அழுதார்கள். அந்தச் சொல் என்னைக் கொன்றது. பிறகு அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நடந்தேன். கோயிலில் மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் வீடு, வாசல் பற்றிக் கதைக்கும்போது, என் பிள்ளை என்னைத் தேடி வந்தவன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். என்னிடம் மிஞ்சியிருந்த நகை அது ஒன்றுதான்.

இது நடந்தது, சண்டை திரும்பத் தொடங்கி எங்கள் ஊருக்குப் போகிற பாதையை மறுபடி மூடின வருஷக் கோடையில். றீற்றாவின் தமக்கை வீட்டில், கர்க்லாண்டில், பிள்ளைக்கு ஞானஸ்நானம். சாப்பிட்டுவிட்டு வரும் வழியில் கார்களைக் கண்டு, "நிப்பாட்டு மோனை, பாப்பம்" என்றேன். அன்ரன் கோப்பி வாங்கக் கடைப்பக்கம் போக, நானும் றீற்றாவும் பார்த்துக்கொண்டு நடந்தோம். எனக்கென்றால் திருவிழாக் கடைக்குள் விட்ட மாதிரி. பச்சைக் கார், நாவல்பழக் கார், செட்டை வைத்த கார். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். தொடக்கூடாது என்று எழுதியிருந்ததாம். எழுதியிருந்தால் எனக்கென்ன!

கடைசியில் நின்றதுதான் அந்தக் கார். வெள்ளை, இடுப்பில் செம்மஞ்சள் பட்டி. தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. மேலே கூரை இல்லை. ஒரு நீல விளக்கும், இருக்கையில் ஒரு வெள்ளைத் தலைக்கவசமும் இருந்தன. சொந்தக்காரர் வயிறு பெருத்து வண்டி வைத்த கிழவர். றீற்றா கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை, பிரெஞ்சு நன்றாகக் கதைப்பாள். அவளிடம் அவர் பெண்ணின் குணம் சொல்கிற மாதிரிச் சொன்னார். ஒல்லாந்தில் நெடுஞ்சாலைப் பொலிஸ் ஓடின காராம். ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம் எல்லா இடத்திலும் அந்தக் காலத்தில் பொலிசுக்குப் பந்தயக் கார் இருந்ததாம். கள்ளன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிடிக்க வேண்டுமே. ஒல்லாந்துக்காரர் குளிரிலும் கூரை போடாமல், தோல் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடுவார்களாம். கூரை இல்லாவிட்டால் எழும்பி நின்று கையைக் காட்டி மறிக்கலாம் அல்லவா?

"ஒல்லாந்தரோ? எங்கட கோட்டையைக் கட்டினவங்கள்! சண்டையில உடைஞ்சு அங்கயும் கூரையில்லை எண்டு சொல்லு" என்றேன். றீற்றா சொல்லவில்லை.

கிழவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "எம்பார்க்கே, மதாம், எம்பார்க்கே!" என்றார். பஸ் கடைசித் தரிப்பில் நின்றதும் சாரதி "தேபார்க்கே" என்று சொல்லித்தான் என்னை இறக்கிவிடுவான். இவரும் போகச் சொல்லித்தான் ஏசுகிறார் என்று நினைத்து, "மெர்சி, மெர்சி" என்று பின்னால் போனேன். அவர் விடாமல் கூப்பிட்டார்.

"மாமி, ஏறச் சொல்லுறார்!" றீற்றாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஏறினேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி இருந்தேன். கிழவர் தலைக்கவசத்தை எடுத்து என் கொண்டைக்கு மேல் வைத்தார். அந்த நேரம் அன்ரன் கோப்பியோடு வந்தான்.

"மோனை, பொலிஸ் வந்திருக்கிறன், ஓடடா!" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கோப்பி சரிந்து கையில் ஊற்றியது, அதையும் துடைக்கவில்லை.

"இறங்குங்கோ அம்மா."

"ஒரு படம் எடுத்துப்போட்டு..."

"இறங்குங்கோ எண்டுறன்!"

கிழவர் பயந்துபோய்த் தலைக்கவசத்தைத் தானே கழற்றினார்.

எங்கள் காருக்குள் வந்து இருந்தும் அன்ரன் அதை ஸ்டார்ட் பண்ணவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கதைத்தான். "இதே மாதிரிக் கார்தான் எங்களை மறிச்சது. ஒல்லாந்தில."

"ஜெர்மனியிலயெல்லே இருந்தனீங்கள்?"

"தம்பிக்கு அங்க ஒரு பத்திரமும் இல்லை. ஒல்லாந்தில அகதியாப் பதியலாம் எண்டு ஆரோ சொன்னவை. ஒரு பெடியன்ர காரை இரவல் வாங்கி, நான்தான் ஓடினனான். பக்கத்தில வந்து, ஒருத்தன் கையை நீட்டி ஓரம் கட்டச் சொன்னான். நான் ஸ்டியரிங்கில கையை வைச்சுக்கொண்டு அப்பிடியே இருந்தனான். அங்க மறிச்சால் இறங்கக்கூடாது, அவங்கள்தான் எங்களிட்டை வருவாங்கள். எனக்குத் தெரியும். தம்பிக்குத் தெரியாது."

"அவன் என்ன செய்தவன்?"

"கதவைத் திறந்து பாய்ஞ்சு இறங்கினான். தலையில ரெண்டு கையையும் வைச்சுக்கொண்டு முழங்காலில நிண்டான், அம்மா."

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஊரில் துவக்கோடு நிற்கிற ஆமிக்காரனைக் கண்டு சைக்கிளால் இறங்காதவன் வீடு வந்து சேர்ந்ததில்லை. ஒல்லாந்துப் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்களாம். பின்வெளிச்சம் ஒன்று எரியவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தார்களாம். முழங்காலில் நிற்கிறவனைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவன் இடுப்புத் துவக்கில் கையை வைத்தான். பிறகுதான் பத்திரம் கேட்டார்கள். ஜெர்மனிப் பத்திரம் இருந்த அன்ரனை அங்கேயே திருப்பிவிட்டார்கள். தாசனைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

"மறிச்சால் இறங்காதையடா எண்டு ஒரு சொல்லு, நான் முதலே சொல்லியிருக்கலாம்."

"எனக்கும் இவ்வளவு காலம் சொல்லேல்லையே" என்றாள் றீற்றா புருஷனைப் பார்த்து.

"அப்ப அவன் என்னைத் தேடி வரேல்லை" என்றேன் நான்.

அன்ரன் கோப்பி ஊற்றின கையைக் காற்சட்டையில் துடைத்தான். "பிரிக்கேக்க அவன்தான் சொன்னவன். 'பிடிச்சு அனுப்பினதெண்டு அம்மாக்குச் சொல்லாதை அண்ணை, நானா வாறன் எண்டு சொல்லு. அவ சந்தோசப்படுவா' எண்டு."

சந்தோஷப்பட்டேன்தானே. இவ்வளவு காலமும் பட்டேன். ஒருவன் சொல்ல, மற்றவன் காப்பாற்ற, நான் ஒருத்தி அந்த நகையைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அன்ரன் காரை எடுத்து ஓட்டோரூட் என்கிற நெடுஞ்சாலையில் ஏற்றினான். நான் வாய் மூடி இருந்ததை றீற்றா அன்றுதான் கண்டாளாம். தாசன் இறங்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தேன். இருந்திருந்தால் இப்போது அவனுக்கும் வண்டி வைத்திருக்கும், முன்மயிர் கொட்டியிருக்கும், மாரியில் அண்ணனோடு சேர்ந்து ஸ்னோ தள்ளிக்கொண்டு குளிரை ஏசுவான். அது வேண்டும் என்று மாதாவிடம் கேட்க வாயெடுத்தேன். உடனே, அவன் திரும்பி வந்து என்னோடு இருந்த அந்தக் கொஞ்சக் காலம் ஞாபகம் வந்தது. கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அடுப்படியில் குந்தியிருந்து, "இன்னொரு மீன் துண்டு போடுங்கோ" என்பான். அந்தக் கார் மறித்திருக்காவிட்டால் அது எனக்கு இல்லை. எதை வேண்டாம் என்று சொல்வேன்? கேட்க வந்ததைக் கேட்காமலே விட்டேன்.

பின்னாலிருந்து ஒரு பொலிஸ் கார் கூவிக்கொண்டு வந்தது. இந்த ஊர்க் கார், கூரை போட்டது. வேறு யாரையோ பிடிக்கப் போகிறது. ஆனாலும் அன்ரன் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

"இருங்கோ அம்மா" என்றான் மெல்ல.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் ஒரு கை கதவுப்பிடியில் இருந்தது, எப்போது போனதென்று தெரியாது. அந்தக் கையின் மணிக்கட்டை என் மற்றக் கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.