தறிகள் நின்றபோது கேட்டது

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் நாங்கள் சத்தம் போடாமல் பேசிக்கொள்வோம். அந்த நாட்களை நான் நாட்குறிப்பில் குறித்து வருகிறேன். பெரும்பாலும் மாதக் கடைசியில் வரும். சென்ற புரட்டாசியில் மட்டும் முதல் வாரமே வந்துவிட்டது. எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியோ பழுது பார்க்கக் கடைக்குப் போயிருந்தது.

ஆராய்ச்சி மாணவியான என் மகள் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தாள். குருவிகுளம் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஒரு பெருமழை பெய்தால் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தங்கும் என்பது அவளுடைய ஆய்வு. அந்தக் கணக்கு மடிக்கணினியில் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தது. மின்தடைக்கு மறுநாள் காலை அவளது வழிகாட்டியிடம் முடிவைக் காட்ட வேண்டும். தவறினால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

மின்தடை நாளன்று காலையில் தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. அவள் பதறிப்போய்த் திரையை அணைத்தாள்.

"என்னம்மா, நின்னுட்டா?" என்றேன்.

"ஓடுதுப்பா. சார்ஜ் மிச்சப்படட்டும்னு திரையை மட்டும் அணைச்சிருக்கேன். பாதியில நின்னா திரும்ப முதல்ல இருந்துதான்."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சந்தான். சார்ஜும் கொஞ்சந்தான்."

அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி வாசற்படியிலேயே நின்றாள். "ஏட்டி, அதுக்குள்ள என்னமோ கத்துது."

"ஒண்ணும் இல்லம்மா."

"எனக்கு நல்லா கேக்குல்லா. பூச்சி ஏதோ உள்ள போயிருக்கு."

சொன்னவள் சாமி அலமாரியிலிருந்து கோயில் புற்றுமண்ணை எடுத்து வந்துவிட்டாள். பூரான், தேள் என்று எது தென்பட்டாலும் எங்கள் ஊரில் முதலில் தேடுவது அதைத்தான். ஒரு சிட்டிகையை விசைப்பலகை மேல் தூவப் போனவளின் கையை மகள் எட்டிப் பிடித்தாள்.

"எம்மா! மண்ணு உள்ள போனா செத்துரும்!"

"பூச்சிதான சாவும்?"

"என் படிப்பே செத்துரும்!"

மனைவி சிரித்துவிட்டாள். மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். முதலில் விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்கு அடியில், வெகு மெல்லியதாக, ஒரு சில்லென்ற ஒலி. தூரத்துச் சில்வண்டு போல நீண்டு, சட்டென்று அறுந்து, மறுபடி தொடங்கியது. அதே மேசையில், அதே கணினிக்கு எதிரே உட்கார்ந்து மூன்று நாளாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

"உள்ள சின்னச் சின்னக் கம்பிச்சுருள் இருக்குப்பா. வேலை கூடும்போது கரண்ட் கூடிக் குறையும். அதுல அந்தச் சுருள் அதிருது. அவ்வளவுதான்."

"நடுவில விட்டு விட்டுக் கேக்குதே?"

"ஒரு மணி நேர மழைக்கான கணக்கு முடிஞ்சு, அடுத்த மணி நேரம் தொடங்குது."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோள்கள் சுழலும்போது இசை எழுகிறது என்று பழங்காலக் கிரேக்கர்கள் நம்பியதைப் படித்திருக்கிறேன். அதை யாரும் கேட்டதில்லை. இங்கே ஒரு கணக்கு நடக்கும் ஒலி நிஜமாகவே என் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சில்லொலி தொடங்கி முடிவதற்குள் அத்தனை ஊர்களின் மீதும் ஒரு மணி நேரம் மழை பெய்து, ஓடைகளில் இறங்கி, குளங்களைத் தேடிப் போயிருந்தது. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அதன்பின் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். இருண்ட திரையில் பார்க்க எதுவுமில்லை. சத்தம் இருந்தால் கணக்கு உயிரோடு இருக்கிறது. அதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறை அது அறும்போதும் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் போன பழவண்டிக்காரரை மனைவி கையைக் காட்டியே அனுப்பி வைத்தாள்.

ஒரு தடவை அறுந்த ஒலி திரும்பவில்லை. விசிறியும் இறங்கி அடங்கியது.

"முடிஞ்சுட்டா, செத்துட்டா?" என்றேன்.

"தெரியலப்பா."

விரலை விசையருகே கொண்டுபோனவள் அழுத்தாமல் நிறுத்தினாள். அழுத்திப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மனைவி அவள் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

திரை மங்கலாக விழித்தது. முடிந்த கணக்கின் பழுப்பு வரைபடத்தில் நீல நரம்புகள் ஓடி, ஆங்காங்கே திட்டுத் திட்டாகத் தேங்கியிருந்தன. மகள் அவசரமாக அதைப் பென் டிரைவில் நகலெடுத்தாள்.

"தண்ணி எங்கனட்டி நிக்கி?" என்றாள் மனைவி.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு நீலத் திட்டைத் தொட்டுக் காட்டினாள்.