இரண்டு படத்தில் ஒரே கோட்டு

பிரேம் கடைக்காரிக்குக் கடைத்தெரு வைத்த பெயர் பொத்தானக்கா. பழைய பட்டாளத்துப் படம் எது வந்தாலும் லென்ஸை எடுத்துப் பொத்தானில்தான் ஆரம்பிப்பாள். பிறகு காலர், கைச்சின்னம், தோல் பெல்ட். எந்தப் படை, என்ன வேலை என்று ஓரளவு சொல்லிவிடுவாள். ஓரளவுதான், மிச்சம் கடைத்தெரு சேர்த்துக்கொண்டது.

"கல்யாணத்தன்னைக்கும் என் மூஞ்சியைப் பாக்கல, சட்டையைத்தான் பாத்தா. அதான் மாட்டிக்கிட்டா" என்பான் கண்ணாடி வெட்டும் கணவன்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இரண்டு சிப்பாய்ப் படங்களைக் கொண்டுவந்தார். ஒருவர் அவருடைய அப்பா, மற்றவர் அப்பாவின் சிநேகிதர். எது யார் என்று சொல்ல இப்போது ஆளில்லை. டிரைவர் கைக்குழந்தையாக இருந்தபோது சண்டைக்குப் போன அப்பா திரும்பவேயில்லை. அப்பா பட்டாளத்தில் பியூகிள் எக்காளம் ஊதியவர், சிநேகிதர் சமையல்காரர் என்று அம்மா சொன்னது மட்டும் தெரியும்.

முதல் படத்தில் அகன்ற தோளும் சிரித்த முகமுமாக ஒருவர். கோட்டுக் கையில் பியூகிள் சின்னம். "இவர்தாண்ணே உங்கப்பா" என்று அடித்துச் சொன்னாள்.

"என் பேரன் அப்படியே இதே சிரிப்பும்மா!"

பூஞ்சை படிந்த இரண்டாவது படத்தைச் சுத்தம் செய்ய வைத்துக்கொண்டு, முதல் படத்தைப் பெரிதாக்கிப் பிரேம் போட்டுக் கொடுத்தாள்.

பூஞ்சை போனதும் அதிலும் பியூகிள் சின்னம் தெரிந்தது. சமையல்காரருக்கு ஏது சின்னம்? காலருக்குக் கீழே தைத்த கிழிசலைப் பார்த்தாள். கடையிலிருந்த முதல் படத்தின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு படத்திலும் அதே கிழிசல், அதே தையல். ஒரே கோட்டை இருவரும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் கோட்டு யாருடையது? பெல்டில், தினமும் மாட்டி மாட்டி விழுந்த மடிப்பு ஒன்று இருந்தது. இரண்டாவது படத்து ஒல்லியானவரின் இடுப்பில் பக்கிள் சரியாக அந்த மடிப்பில் உட்கார்ந்திருந்தது. சிரித்தவரின் இடுப்பில் பக்கிள் கடைசி ஓட்டைக்குத் தள்ளிப் போயிருந்தது. அப்படியானால் பியூகிள்காரர் ஒல்லியானவர்தான்.

"விட்டுடேன். மனுஷன் சந்தோஷமா இருக்காரு" என்றான் கணவன்.

"வேற யாரையோ காட்டி உங்கப்பான்னு சொன்னா ஒத்துக்குவியா?"

"எங்கப்பாவுக்குப் பதிலா யாரைக் குடுத்தாலும் ஒத்துக்குவேன்."

அவள் சிரிக்கவில்லை. படத்தையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனாள். கூடத்துச் சுவரில் சமையல்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் டிரைவரின் முகம் சுண்டிப்போனது.

"அன்னைக்கு அடிச்சுச் சொன்னியேம்மா! பேரனைத் தூக்கித் தூக்கி அந்தப் படத்தைக் காட்டினேனே!"

"சின்னத்தைப் பாத்தேன், அது யார் சட்டைன்னு பாக்கலண்ணே. தப்பு என்னுதுதான்."

அவர் லென்ஸை வாங்கி இரண்டாவது படத்தை வெகுநேரம் பார்த்தார். ஒட்டிய கன்னம், விடைத்த காது, கேமராவைப் பார்த்து மிரண்ட கண்கள்.

"இவரு யாரு சாயலும் இல்லையே."

சாயல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளுக்குத் தெரியாததை இரண்டாம் முறை சொல்ல மனம் வரவில்லை.

"கோட்டைக் கழட்டிக் குடுத்திருக்காரு, இல்ல?" என்றார் டிரைவர் கடைசியில்.

"பெல்டையும்."

"சிநேகிதன் படத்துல எடுப்பா இருக்கட்டும்னு."

"அப்படித்தான் இருக்கணும்ணே."

சுவரிலிருந்த படத்தை இறக்க அவள் கையை உயர்த்தினாள்.

"வேணாம், இருக்கட்டும். எங்கப்பா கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறவரை எப்படி இறக்குறது? பக்கத்துல எங்கப்பாவுக்கு இன்னொரு ஆணி அடி."