மாமா கண்டுபிடித்த வெடிப்பு

எனக்கு அப்போது ஒன்பது வயது. மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடிய பிறகு, பசறைப் பக்கத்து எங்கள் தோட்டத்திலும் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் யாருக்கும் சோறு இறங்காது. அப்படி ஒரு ஐப்பசி மழையில், கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா கூடையை இறக்கியதும் அப்பாவிடம் சொன்னாள்.

"நம்ம மேமலையில மண்ணு வெடிப்பு விட்டுருக்குங்க. போன வாரம் எட்டி வச்ச எடத்துல இன்னைக்குத் தாண்டிப் போக வேண்டியிருக்கு."

பன்னிரண்டு வருஷமாக அந்த மலையில் தேயிலை வரிசைகளுக்குள் நடந்தவள் அவள். கங்காணியிடமும் சொன்னாளாம். வாயைக் குறைத்துக் கொழுந்தை எடு என்றாராம்.

"பொம்பளைங்களுக்கு மழ பேஞ்சாலே மல சரிஞ்சிரும்," என்று அப்பா சிரித்தார். அப்பா கெட்டவர் இல்லை. அம்மாவுக்குத் தலைவலி என்றால் அவரே ரொட்டி தட்டுவார். "எம் மகளப் பாரு, ஆம்பளப் புள்ள மாதிரி. பயப்படுதா?"

எனக்கும் பயம்தான். ஆனாலும் கிடைத்த பட்டத்தை விட மனமில்லாமல் அப்பாவைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

அம்மா அடையாள அட்டைகளையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கதவு ஆணியில் மாட்டினாள். எனக்கு அது எதற்கென்று கேட்கவும் பயம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மாமா, அம்மாவின் தம்பி, தீபாவளி லீவில் வந்திருந்தார். போனுக்கு சிக்னல் தேடி மேலே ஏறியவர் முழங்கால்வரை சேற்றோடு ஓடி வந்தார்.

"மச்சான், மேல மல வெடிச்சிருக்கு. காலு உள்ள போகுது. எல்லாரையும் கெளப்புங்க."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா வீடுவீடாகத் தட்டினார். கால் மணி நேரத்தில் லயம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. மத்தியானம் பெரிய லொறி கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுப் பின்சுவரை உடைத்துக்கொண்டு மண் இறங்கியிருந்தது. நான் கவுனிலேயே மூத்திரம் போய்விட்டேன்.

ஒரு உயிருக்கும் சேதமில்லை. எல்லோரும் மாமாவைச் சுற்றி நின்றார்கள். "தம்பி கண்ணுல பட்டதால பொழச்சோம்," என்று தோட்டத் தலைவர் அவர் தோளில் கை போட்டார். பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, "நான் மூணு நாளா..." என்று தொடங்கினாள். யாரோ சீனி கேட்டார்கள். எடுத்துக் கொடுக்கப் போனாள்.

அவள் முகம் வாடியிருந்தது. ஆறுதல் சொல்லலாம் என்று சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ பயந்து போயித்தானம்மா சொன்ன. மாமா பாத்துட்டுல்ல சொன்னாரு."

அம்மா கேத்தலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். இன்னமும் அவளுக்கு மலையை நினைத்துத்தான் பயம் என்று எண்ணி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.